நானூறுக்குக் கீழே

சென்ற ஆண்டுச் செய்முறைத் தேர்வில் ஒரு வெள்ளைக் கல் என்னிடமிருந்து ஐந்து மதிப்பெண்களைப் பறித்துக்கொண்டது. மேசைமேல் வரிசையாக வைத்திருந்த கற்களில் அது ஒன்பதாவது. பளபளப்பு இல்லை, பிளவுத்தளம் தெளிவாக இல்லை, கையில் எடுத்தால் சற்றே கனம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். பொங்கவில்லை. இரண்டாம் ஆண்டில் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டுக்குக் களப்பயணம் போனபோது பொறுக்கி வந்த மாக்னசைட் நினைவுக்கு வந்தது. அதுவும் வெள்ளை; அதுவும் குளிர்ந்த அமிலத்துக்கு அசைந்து கொடுக்காதது. 'மாக்னசைட்' என்று எழுதிவிட்டுப் பத்தாவது கல்லுக்கு நகர்ந்தேன்.

அது டோலமைட்.

தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து எங்கள் பேராசிரியர் அந்தக் கல்லை எடுத்துப் பேனாக்கத்தியால் சுரண்டினார். விழுந்த பொடியின்மேல் அதே புட்டியிலிருந்து அதே அமிலத்தை விட்டார். நுரைத்துக்கொண்டு எழுந்தது.

"தம்பி, அமிலத்திடம் நீ என்ன கேட்டாய்?" என்றார்.

"என்ன கல் என்று கேட்டேன், சார்."

"இல்லையப்பா. கட்டியாக இருக்கும்போது, இந்தக் குளிர்ச்சியில், சீக்கிரம் கரைவாயா என்று கேட்டாய். அது மாட்டேன் என்றது. கல்லின் பெயரை அது எங்கே சொன்னது?"

அன்று அவர் கேட்ட கேள்வி இந்த ஓராண்டாக என்னை விடவில்லை. அதைப் பற்றித்தான் நம் கல்லூரி மலரில் எழுத வந்தேன். கவிதையும் சிறுகதையும் தேடிப் புரட்டும் நண்பர்கள் 'இது நிலவியல்காரனின் புலம்பல்' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதிருக்க வேண்டுகிறேன். இது கல்லைப் பற்றியது என்றாலும், வேதியியல், இயற்பியல் மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சொல்லப்போனால் அவர்கள்மீது எனக்கொரு வழக்கும் உண்டு.

முதலில் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி மூன்று ஆக்சிஜன் அணுக்கள் ஒரே தளத்தில் முக்கோணமாக நிற்கின்றன. இதுவே கார்பனேட் தொகுதி. இதனோடு கால்சியம் சேர்ந்தால் கால்சைட்; மாக்னசியம் சேர்ந்தால் மாக்னசைட்; இரண்டும் அடுக்கடுக்காக மாறி மாறி அமர்ந்தால் டோலமைட்; இரும்பு சேர்ந்தால் சிடரைட்; மாங்கனீசு சேர்ந்தால் ரோடோக்ரோசைட்; ஈயம் சேர்ந்தால் செருசைட். அதே கால்சியமே வேறோர் அமைப்பில் அடுங்கினால் அரகோனைட். தூத்துக்குடிச் சங்கும் மன்னார் வளைகுடாப் பவளப்பாறையும் முத்தும் பெரும்பாலும் அந்த அரகோனைட்தான். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ கால்சைட். வேதிப்பொருளாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. அமிலம் இரண்டின் மீதும் ஒரே மாதிரிதான் பொங்கும்.

இந்தக் குடும்பத்தில் முகவேறுபாடு கண்டவர்களில் முன்னோடி டோலோமியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆல்ப்ஸ் மலையில் சுண்ணாம்புக்கல் போலவே இருக்கும் ஒரு கல் அமிலத்தில் சுணங்கிச் சுணங்கி நுரைப்பதை 1791-இல் எழுதி வெளியிட்டார். டோலமைட் என்ற பெயர் அவர் நினைவாக வந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நாம் இன்னும் அந்தப் புட்டியோடுதான் மலையேறுகிறோம். புட்டியை நான் குறைகூறவில்லை. களத்தில் அதைப்போல் மலிவான, விரைவான துணை வேறில்லை. ஆனால் ஆய்வகத்துக்குத் திரும்பிய பின்னும் அதையே கடைசித் தீர்ப்பாக எழுதிவிட்டுப் போகிறோமே, அதில்தான் எனக்கு மாறுபாடு.

'ஒரு கல்லின் பெயர் மாறினால் குடியா முழுகிவிடும்?' என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். முழுகும். சேலத்து மாக்னசைட்டைச் சுட்டு எடுக்கும் மாக்னீசியாவை உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லாக்குகிறார்கள். அதில் சுண்ணாம்பு கலந்திருந்தால் செங்கல்லின் தாங்குதிறன் குறையும். மறுபக்கம் சிமெண்ட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே கால்சியம் வேண்டும், மாக்னசியம் வேண்டாம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டில் மாக்னசியம் ஆக்சைடு நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். மிகுந்தால் கட்டடம் எழும்பிப் பல மாதங்களுக்குப் பிறகு அது நீரோடு மெல்லச் சேர்ந்து ஊதி, காரையைப் பிளக்கும். சுண்ணாம்புக்கல் குவாரியில் டோலமைட் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வெட்டினால் யாருக்கு நட்டம்? ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்கு நஞ்சாகும் குடும்பம் இது.

இனி வழக்குக்கு வருகிறேன். எங்களுக்குத் துணைப்பாடமாக வேதியியல் உண்டு. அந்த வகுப்பில் அகச்சிவப்பு நிறமாலை நடத்துவார்கள். கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு. இடக்கோடியில் 4000, வலக்கோடியில் 400. எண்கள் அலை எண்கள். அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்ற கணக்கு. எண் குறையக் குறைய அலை நீளும். நடுவில் அங்கங்கே பள்ளங்கள். இந்தப் பள்ளம் ஹைட்ராக்சில், அந்தப் பள்ளம் கார்போனைல் என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதி வெளியே வருவோம்.

டோலமைட்டிடம் தோற்றபின் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அமிலத்துக்கு மாற்று இதுதான் என்று மகிழ்ச்சியாகவும் இருந்தது. கார்பனேட் தொகுதிக்கு அங்கே அழுத்தமான அடையாளங்கள் உண்டு. 1400க்குச் சற்று மேலே அகன்ற ஒரு பள்ளம். 875 அருகே கூர்மையான ஒன்று. 700க்கும் 750க்கும் இடையே இன்னொன்று. முதல் பள்ளத்தைக் கண்டாலே 'கார்பனேட்' என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் எந்தக் கார்பனேட்? மூன்றாவது பள்ளம் ஓரளவு உதவுகிறது. கால்சைட்டுக்கு 712, டோலமைட்டுக்கு ஏறத்தாழ 728, மாக்னசைட்டுக்கு ஏறத்தாழ 748, அரகோனைட்டுக்கு 700, 713 என இரட்டைப் பள்ளம். ஆகா, ஐந்து மதிப்பெண் திரும்பி வந்தது என்று நினைத்தேன். அடுத்த வரியைப் படித்ததும் அந்த மகிழ்ச்சி போயிற்று. ரோடோக்ரோசைட்டுக்கும் ஏறத்தாழ அதே 727. இரும்பு கலந்த டோலமைட்டான ஆங்கரைட்டும் அந்த அக்கம்பக்கத்தில்தான். திருப்பத்தூருக்கு அருகே செவ்வாத்தூரில் கார்பனடைட் என்னும் அரிய பாறை உண்டு. எரிமலைக் குழம்பாகவே பிறந்த கார்பனேட் பாறை. கால்சைட்டும் டோலமைட்டும் ஆங்கரைட்டும் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றன. அங்கிருந்து ஒரு துண்டைக் கொண்டுவந்தால் 728க்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்று அந்த ஒற்றைப் பள்ளத்தை வைத்து எப்படிச் சொல்வது?

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் விடை எளிது. 400க்கு மேலே நாம் காண்பதெல்லாம் கார்பனேட் முக்கோணத்தின் உள்ளே நடக்கும் அசைவுகள். கார்பனும் ஆக்சிஜனும் தங்களுக்குள் இழுத்தும் வளைந்தும் ஆடுவது. முக்கோணம் எல்லாக் கனிமத்துக்கும் பொது. பக்கத்தில் இருப்பது கால்சியமா மாக்னசியமா என்பது அந்த ஆட்டத்தைச் சிறிது நெருக்கும் அல்லது தளர்த்தும், அவ்வளவே. உலோகம் நேரில் வந்து சாட்சி சொல்வதில்லை. அதன் நிழலைப் பார்த்து நாம் ஊகிக்கிறோம்.

அப்படியானால் உலோகம் எங்கே ஆடுகிறது? நானூறுக்குக் கீழே ஆடுகிறது.

அங்கே முக்கோணம் முழுவதும் ஒரே பொருள்போல நகர்கிறது. உலோக அயனி அதற்கு எதிராக நகர்கிறது. அல்லது முக்கோணம் மொத்தமாகச் சாய்ந்தாடுகிறது. படிகத்தின் அணிக்கோவை முழுவதுமே அசைவதால் இவற்றை அணிக்கோவை அதிர்வுகள் என்கிறார்கள். ஊஞ்சலில் கனத்தவர் ஏறினால் ஆட்டம் நிதானப்படுவது போலன்று. கம்பிச்சுருளில் கட்டிய எடையைக் கூட்டினால் அது மெதுவாக ஆடுமே, அது போல. (ஊஞ்சலின் காலம் எடையைப் பொறுத்ததன்று என்பதை இயற்பியல் நண்பர்கள் திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.) மாக்னசியத்தின் அணு எடை 24, கால்சியம் 40, இரும்பு 56, பேரியம் 137, ஈயம் 207. பிணைப்பின் இறுக்கமும் உலோகத்துக்கு உலோகம் மாறுவதால் எடை மட்டுமே கணக்கைத் தீர்த்துவிடாது. ஆனாலும் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. மாக்னசைட்டின் பட்டைகள் 200க்கு மேலேயே நின்றுவிடுகின்றன. கால்சைட்டோ 300 அருகே, 225 அருகே என்று இறங்கி, நூறை ஒட்டியும் ஒரு பட்டையைக் காட்டுகிறது. டோலமைட்டின் குறிப்பிடத்தக்க பட்டை 160 அருகே விழுகிறது. எங்கள் தேர்வு மேசையின் ஒன்பதாவது கல்லை இந்த வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தால் மாக்னசைட் என்று யாராலும் எழுதியிருக்க முடியாது.

இதை ஒரு பெரிய கண்டுபிடிப்புபோல நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 2010-இல் 'அமெரிக்கன் மினரலாஜிஸ்ட்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இயற்கையில் கிடைக்கும் பல கார்பனேட் கனிமங்களை 650 முதல் 70 வரையிலான அலை எண்களில் அளந்து வரிசைப்படுத்தியிருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு வியப்பைவிட வருத்தமே மிகுந்தது. ஏனென்றால், கரும்பலகையில் அந்தக் கோடு 400-இல் நின்றபோது 'ஏன் இங்கே நிற்கிறது?' என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டோம்.

உண்மைக் காரணம் பொட்டாசியம் புரோமைடு. கல்லைப் பொடித்து, அந்த உப்போடு கலந்து, அழுத்தி வில்லையாக்கித்தான் கருவிக்குள் வைக்கிறார்கள். அந்த உப்பு 400 வரை ஒளியை விடும்; அதற்குக் கீழே தானே விழுங்கிவிடும். ஏனென்றால் அதுவும் ஒரு படிகம். அதன் அணிக்கோவையும் அங்கேதான் ஆடுகிறது! ஆக, நம் பாடத்தின் எல்லையை வகுத்தது கனிமமன்று, கனிமத்தைத் தாங்கிய உப்பு. சீசியம் அயோடைடு ஏறத்தாழ 200 வரை போகும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் பாலிஎத்திலீன் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 தொடங்கியபோது கடைகளிலிருந்து விரட்டப்பட்டதே அந்த ஞெகிழிப்பை, அதன் உறவுக்காரப் பொருள்தான். கல்பொடியை அதன் தூளோடு கலந்து வில்லை செய்தால், தொலை அகச்சிவப்புக் கதிர் பெரிதும் தடையின்றிப் போகிறது. கதிரைப் பிரிக்கும் தகட்டையும் உணரும் கருவியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். காற்றில் உள்ள நீராவி இந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான கோடுகளைப் போட்டுக் குழப்புவதால், கருவியின் உள்ளே வெற்றிடமாக்க வேண்டும்; அல்லது உலர்ந்த நைட்ரஜனைச் செலுத்த வேண்டும். நம் ஊர் ஐப்பசி மழையில் இதைச் செய்பவர்களுக்கு என் அனுதாபம்.

பொடிப்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பொடி நுண்மையாக இருந்தால் நல்லது என்று கல்வத்தில் மணிக்கணக்காக அரைத்தால் கால்சைட் அரைபட அரைபட ஒரு பகுதி அரகோனைட்டாக மாறிவிடும். இதை 1956-இலேயே காட்டிவிட்டார்கள். கல்லை அடையாளம் காணப் புறப்பட்டவர் தம் கையாலேயே வேறு கல்லைப் படைத்து, பிறகு அதைக் 'கண்டுபிடிக்கவும்' கூடும்.

'இவ்வளவு தொல்லை எதற்கு? ராமன் நிறமாலை இருக்கிறதே!' என்று இயற்பியல் துறை நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. ராமன் முறையில் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பார்க்கிறோம். வில்லை வேண்டாம், நீராவித் தொல்லை இல்லை, அணிக்கோவை அதிர்வுகளும் தெரிகின்றன. கால்சைட்டையும் டோலமைட்டையும் அரகோனைட்டையும் அது நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. அன்றாட வேலைக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ராமன் கருவியை வாங்குங்கள் என்று நானே சொல்வேன். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் 1928-இல் கண்ட விளைவு என்பதால் சொல்லவில்லை. உண்மையிலேயே கையாள எளிது.

ஆனால் அந்த நண்பருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். கால்சைட் படிகத்தில் கால்சியம் அயனி ஒரு சமச்சீர் மையத்தில் அமர்ந்திருக்கிறது. மையத்தின் இருபுறமும் ஒத்திருக்கும் அசைவுகளையே ராமன் முறை காட்டும். அத்தகைய அசைவில் மையத்தில் உள்ள அணு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சமச்சீர் கெட்டுவிடும். ஆகவே அது அசையாமல் நிற்கும். அதாவது கால்சைட்டின் ராமன் கோடுகளில் கால்சியம் ஆடுவதே இல்லை! ஆடுவதெல்லாம் முக்கோணங்களே. மாக்னசைட்டிலும் சிடரைட்டிலும் ரோடோக்ரோசைட்டிலும் இதே கதை. உலோகத்தின் சொந்த அசைவை ஒளியின் மூலம் நேரில் பார்க்க வேண்டுமானால் தொலை அகச்சிவப்புக்குத்தான் வர வேண்டும். 'எந்த உலோகம்?' என்பதே கேள்வியாக இருக்கும்போது, அந்த உலோகமே எழுந்து ஆடும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பதல்லவா முறை?

இந்தக் கணக்கைப் போடக் கருவியே வேண்டாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கால்சைட்டின் அடிப்படை அலகில் பத்து அணுக்கள். எனவே முப்பது அசைவுகள். அவற்றுள் எவை அகச்சிவப்பில் தெரியும், எவை ராமனில் தெரியும், எவை இரண்டிலும் தெரியா என்று காகிதத்திலேயே பிரித்துவிடலாம். அணிக்கோவை அதிர்வுகளில் அகச்சிவப்பில் தெரியக்கூடியவை ஐந்து என்று விடை வரும். படிகங்களுக்கு இந்த முறையை வகுத்துக் கொடுத்தவர்களில் முன்னோடிகள் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பகவந்தமும் வெங்கடராயுடுவும், ஆண்டு 1939. வால்டேரில் உட்கார்ந்து தாளும் பென்சிலும் கொண்டு செய்த வேலையை உலகமே எடுத்தாண்டது. கருவி இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் நமக்கு அவர்களை யாரும் நினைவூட்டவில்லையே!

இந்தத் தொலை அகச்சிவப்புக்குப் பழம்பெருமையும் உண்டு. 1897-இல் ரூபன்ஸ், நிக்கல்ஸ் என்ற இருவர், படிகங்களில் ஒளியைத் திரும்பத் திரும்பப் பட்டுத் தெறிக்கச் செய்தால் அந்தப் படிகத்தின் அணிக்கோவை ஆடும் அலைநீளம் மட்டுமே எஞ்சும் என்று கண்டனர். 'எஞ்சிய கதிர்கள்' என்றே அதற்குப் பெயர். அந்தக் கதிர்களை வைத்து ரூபன்ஸும் குர்ல்பாமும் வெப்பக் கதிர்வீச்சை அளந்தனர். பழைய வாய்பாடு நீண்ட அலைகளில் பொருந்தவில்லை. 1900 அக்டோபர் 7 ஞாயிற்றுக்கிழமை ரூபன்ஸ் பிளாங்க் வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னார். அதையொட்டிப் பிறந்ததுதான் பிளாங்க்கின் வாய்பாடு. பாறை உப்பும் ஃபுளோரைட்டும் குவாண்டம் கொள்கைக்குப் பிள்ளையார் சுழி போட்டன என்று நான் சொன்னால் இயற்பியல் துறையினர் சற்றுக் கோபிக்கலாம். கல்லின் பெருமையைக் கல்காரன்தானே பேச வேண்டும்.

கையில் எடுக்க முடியாத கல்லை என்ன செய்வது? அமிலம் ஊற்ற முடியாது; சுரண்ட முடியாது; எக்ஸ்கதிர் பாய்ச்சவும் முடியாது. விருச்சிக விண்மீன் கூட்டத்தில் என்.ஜி.சி. 6302 என்றொரு நெபுலா இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிபோல் இறகு விரித்திருக்கும், மாண்டுகொண்டிருக்கும் ஒரு விண்மீனின் தூசிப்படலம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1995-இல் ஏவிய அகச்சிவப்பு விண்ணோக்கி அதன் தொலை அகச்சிவப்பு நிறமாலையைப் பதிவு செய்தது. நம் வளிமண்டல நீராவி இந்தக் கதிரை மறைத்துவிடுவதால் வானுக்கு மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். அதில் 92 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு மேடு. அது கால்சைட் என்றும், 62 மைக்ரான் அருகே தெரிவது டோலமைட் என்றும் 2002-இல் 'நேச்சர்' இதழில் கெம்பரும் உடனாய்வாளர்களும் எழுதினர். 92 மைக்ரான் என்பது அலை எண்ணில் ஏறத்தாழ 109. மேலே நான் சொன்ன 'நூறை ஒட்டிய' அதே பட்டைதான்!

இதில் என்ன பரபரப்பு என்றால், பூமியில் கார்பனேட் என்றாலே நாம் கடலையும் ஏரியையும் நினைக்கிறோம். நீரில் படிந்து உருவாவதே வழக்கம் என்று படித்திருக்கிறோம். செவ்வாய்க் கோளில் கார்பனேட் தேடுவதும் அங்கே ஒருகாலத்தில் நீர் இருந்ததா என்று அறியத்தான். ஆனால் அந்த நெபுலாவின் தூசியில் கடல் ஏது? நீரின் துணையில்லாமலும் கார்பனேட் பிறக்க முடியும் என்று அவர்கள் வாதிட்டனர். அப்படியானால் கார்பனேட் கண்ட இடமெல்லாம் கடல் இருந்தது என்று இனிச் சொல்ல முடியாது. இத்தனை பெரிய முடிவு ஒரு மேட்டின்மேல் நிற்கிறது.

அந்த மேடு உறுதியானதா? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. ஒப்பிடுவதற்கு அதுவரை பெரும்பாலும் பயன்பட்டவை நம் அறை வெப்பநிலையில் அளந்த நிறமாலைகள். விண்ணில் உள்ள தூசியோ கடுங்குளிரில் கிடக்கிறது. ஆகவே போஷ் என்பவரும் குழுவினரும் கால்சைட்டையும் டோலமைட்டையும் 300, 200, 100, 10 கெல்வின் என்று குளிர்வித்துக் குளிர்வித்து அளந்து 2007-இல் வெளியிட்டனர். கால்சைட்டின் 44 மைக்ரான், 92 மைக்ரான் பட்டைகள் வெப்பநிலைக்கேற்ப இடம் மாறுகின்றன. எனவே ஒரு பட்டையை வைத்துப் பெயர் சொன்னால் போதாது. எத்தனை குளிரில் இருக்கிறது, துணைப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். எங்கள் பேராசிரியர் கேட்டதும் இதுதானே? கட்டியா, பொடியா, குளிரா, சூடா?

எனவே தொலை அகச்சிவப்பும் மந்திரக்கோல் அன்று. பட்டைகள் அகன்றவை, துகளின் வடிவம் மாறினால் சற்று நகரும், நாலைந்து கனிமம் கலந்த பாறையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கையில் கல் இருந்து, பக்கத்தில் எக்ஸ்கதிர்க் கருவியும் இருந்தால் முதலில் அதைத்தான் நாட வேண்டும். அதை மறுத்து நான் வாதாடவில்லை. நான் கேட்பது வேறு.

நம் பாடத்தில் 400-இல் நிற்கும் அந்தக் கோட்டை இன்னும் இரண்டங்குலம் நீட்டுங்கள் என்கிறேன். நீட்டிவிட்டு, 'இதற்குமேல் நம் உப்பு ஒளி விடாது. ஆனால் கனிமத்தின் கதை இங்கேயும் நடக்கிறது' என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். வேதியியல் துறை இதற்குக் காசு செலவிட வேண்டியதில்லை, சுண்ணாம்புக்கட்டி போதும். நிலவியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் கல்லின் பெயருக்கு முழு மதிப்பெண்ணும் தருவதை விட்டு, 'எந்தச் சோதனையால் சொல்கிறாய்? அதே விடையைத் தரக்கூடிய வேறு கல் எது?' என்ற கேள்விக்கும் பாதி தரலாம். அப்படித் தந்திருந்தால் எனக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். சுழியம்தான் கிடைத்திருக்கும், வேறு கல் ஏதேனும் இருக்குமோ என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை. என் நன்மைக்காக இதைக் கேட்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அரசுக் கல்லூரியில் இதற்கெல்லாம் நிதி எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நிறமாலைமானி வாங்க வழியில்லை என்பது எனக்கும் தெரியும். எங்கள் நுண்ணோக்கிகளில் இரண்டு கண்ணாடி இன்றிக் கிடக்கின்றன. ஆனால் அளந்தவர்கள் தங்கள் எண்களைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வகத்தார் கனிமங்களின் ஒளியியல் எண்களை யாரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றை எடுத்து வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடிழுக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. முதலாமாண்டு மாணவர்களும் செய்யலாம். நகரத்தில் பெரிய ஆய்வகங்களைப் பார்க்கப் போகும் கல்விச் சுற்றுலாவில், கட்டடத்தின் முன்னே குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குப் பதில், நம் அலமாரியிலிருந்து இரண்டு கல்லைப் பொடித்து எடுத்துப் போய் 'இதை அளந்து காட்டுங்கள், ஐயா' என்று கேட்டுப் பார்க்கலாமே. மறுத்தால் நட்டம் என்ன?

இந்த டிசம்பர் விடுமுறையில் நான் இரண்டு கோடுகள் வரைந்தேன். கால்சைட்டுக்கு ஒன்று; டோலமைட்டுக்கு ஒன்று. நீலத்தாளில் ஒட்டி நிலவியல் ஆய்வகச் சுவரில், அமிலப் புட்டிகள் இருக்கும் தட்டுக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, டோலமைட் கோட்டில் ஒரு புள்ளி இடம் தவறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார், திருத்திவிட்டேன். மாக்னசைட் கோடு பாதியில் நிற்கிறது. ஒன்பதாம் எண் கல்லை அந்தத் தட்டிலேயே வைத்திருக்கிறார்கள். சுரண்டிய தழும்பு அதன் ஓரத்தில் இன்னும் தெரிகிறது.